மும்பைக்கு வரும் அப்பா அம்மாவுக்கு எதைக் காட்டுவது?

செம்பூர் மகள்

எல்லோருக்கும் வணக்கம். மார்கழி பிறந்ததும் ஊரிலிருந்து அப்பாவும் அம்மாவும் மும்பைக்கு வருகிறார்கள். அம்பாசமுத்திரம் பக்கம் ஒரு சிற்றூர். அப்பாவுக்கு 74 வயது, அம்மாவுக்கு 69. பிசானப் பருவ நெல் நடவு முடிந்துவிட்டது என்பதால் அப்பா ஒருவழியாகச் சம்மதித்திருக்கிறார். பதினைந்து நாள் இருப்பார்கள். நான் இங்கே குடிவந்து 11 வருடம் ஆகிறது. அப்பா இதுவரை என் வீட்டைப் பார்த்ததில்லை.

அம்மா ஒருமுறை வந்திருக்கிறாள். மூத்தவன் பிறந்தபோது மூன்று மாதம் கூடவே இருந்தாள். அவள் பார்த்த மும்பை என்பது ஆஸ்பத்திரியும் எங்கள் சமையலறையும் பால்கனிக் கொடியில் காய்ந்த குழந்தைத் துணியும்தான். ஊருக்குத் திரும்பியதும் "பம்பாய் எப்படி இருந்தது?" என்று தெருவில் கேட்டவர்களிடம் "பிள்ளை நன்றாக இருக்கிறாள்" என்று மட்டும் சொன்னாளாம். சித்தி பிறகு ஒருநாள் பேச்சுவாக்கில் இதைச் சொன்னாள். அன்றிலிருந்து நெஞ்சில் முள்ளாகத் தைத்துக்கொண்டிருக்கிறது.

மகனுக்கு 9 வயது, மகளுக்கு 5. அம்மாவுக்கு முழங்கால் வலி. அப்பாவுக்குச் சர்க்கரை உண்டு, ஆனால் நன்றாக நடப்பார். கேட்வே ஆஃப் இந்தியா, எலிபெண்டா தீவுக் குகை, ராணி பாக் மிருகக்காட்சிசாலை, கோளரங்கம், ஹாங்கிங் கார்டன், சித்தி விநாயகர், மகாலட்சுமி, ஹாஜி அலி, ஜூஹு, கடல் பாலம் என்று எழுதி வைத்திருக்கிறேன். பெரியவர்களை அழைத்துப்போன அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள். இந்த முறை எதையும் விட்டுவிடக் கூடாது.

கடற்கரைச்சாலை

இதற்கு இரண்டு நாள் போதும். வாடகைக் கார் எடுத்துவிடுங்கள். முதல் நாள் தென் மும்பை முழுவதும். காலை 7 மணிக்குக் கிளம்பினால் கேட்வே, பக்கத்திலேயே அருங்காட்சியகம், பிறகு சி.எஸ்.எம்.டி. (சத்ரபதி சிவாஜி மகாராஜ் டெர்மினஸ்) ரயில் நிலையம். மதியச் சாப்பாட்டுக்குப் பின் காந்தி தங்கியிருந்த மணிபவன், ஹாங்கிங் கார்டன், மகாலட்சுமி கோயில். மாலையில் மெரைன் டிரைவ். திரும்பும்போது பாந்திரா வொர்லி கடல் பாலம். இரவு 9 மணிக்கு வீடு. இரண்டாம் நாள் ஜூஹு பக்கம்.

பிள்ளைகளுக்குச் சொல்ல: கேட்வே 1911இல் ஐந்தாம் ஜார்ஜ் வந்து இறங்கியதன் நினைவாகக் கட்டப்பட்டது, ஆனால் கட்டி முடித்தது 1924இல்தான். 1948 பிப்ரவரியில் கடைசி ஆங்கிலேயப் படை அதே வளைவு வழியாகத்தான் வெளியேறியது. தாத்தாவுக்கும் பேரனுக்கும் ஒரே நேரத்தில் பிடிக்கும் செய்தி இது.

முலுண்டு பாட்டி

தம்பி, கோபித்துக்கொள்ள வேண்டாம். நீங்கள் போட்ட திட்டம் கார் ஓட்டுநருக்கு ஏற்றது. 69 வயது முழங்காலுக்கு ஏற்றதில்லை.

எனக்கு வயது 71. கும்பகோணத்தை விட்டு மகன் வீட்டுக்கு வந்து 9 வருடம் ஆகிறது. வந்த முதல் மாதம் என்னையும் இப்படித்தான் ஒரே நாளில் ஏழு இடம் காட்டினார்கள். ஏழும் ஒன்றோடொன்று கலந்துவிட்டன. அன்று முழுக்க என் கவலை ஒன்றே ஒன்றுதான்: அடுத்து கழிப்பறை எங்கே இருக்கும்? அதற்குப் பயந்து காலையிலிருந்து தண்ணீரே குடிக்கவில்லை. மாலையில் தலை சுற்றியது. "அம்மாவுக்கு வெயில் ஒத்துக்கொள்ளவில்லை" என்றான் மகன். நானும் ஆமாம் என்றேன். வேறு எதைச் சொல்வது? பெரியவர்கள் இதையெல்லாம் வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள் அம்மா. மகள் நீதான் கேட்டு வைத்துக்கொள்ள வேண்டும். எந்த இடத்துக்குப் போனாலும் முதலில் கழிப்பறை எங்கே என்று பார், பிறகு டிக்கெட் வாங்கு.

ஒரு நாளைக்கு ஓர் இடம். அதற்கு மேல் வேண்டாம். மதியம் 2 மணிக்கு வீட்டில் படுத்திருக்க வேண்டும். ஒருநாள் போனால் மறுநாள் வீடு.

இன்னொன்றும் சொல்கிறேன். நீ எழுதிய பட்டியலில் உன் தெரு இல்லை. உன் அம்மாவுக்கு எலிபெண்டாவை விட நீ காய்கறி வாங்கும் கடை முக்கியம். நீ எந்தப் படியில் ஏறி வேலைக்குப் போகிறாய், பிள்ளை எந்த வாசலில் பள்ளிப் பேருந்துக்கு நிற்கிறான், எந்த டாக்டரிடம் காய்ச்சலுக்குப் போகிறீர்கள் என்று பார்த்துவிட்டால், ஊருக்குப் போன பிறகு நீ தொலைபேசியில் சொல்வதெல்லாம் அவளுக்குக் கண்ணில் தெரியும். முதல் இரண்டு நாள் அதற்கு வை.

ரயில்சிநேகன்

பாட்டி சொன்னது நூற்றுக்கு நூறு. நான் ரயில் விஷயம் மட்டும் சொல்கிறேன்.

ஊரிலிருந்து வருவதற்குத் திருநெல்வேலி தாதர் சாளுக்கியா எக்ஸ்பிரஸ் இருக்கிறது. இரண்டு இரவுப் பயணம். வாரத்தில் மூன்று நாள்தான் ஓடும், முன்கூட்டியே எடுத்துவிடுங்கள். முதியோர் கட்டணச் சலுகை 2020 மார்ச்சோடு நின்றுவிட்டது. ஆனால் கீழ்ப்படுக்கை ஒதுக்கீடு உண்டு. ஆண்களுக்கு 60, பெண்களுக்கு 45 வயதுக்கு மேல் இருந்தால் போதும். அந்த டிக்கெட்டில் அவர்கள் தனியாகவோ இருவராகவோ மட்டும் இருக்க வேண்டும். துணைக்கு வரும் இளையவர் பெயரையும் அதே டிக்கெட்டில் சேர்த்தால் ஒதுக்கீடு கிடைக்காது. இது தெரியாமல்தான் பல வீட்டுப் பெரியவர்கள் மேல்படுக்கையில் ஏற முடியாமல் தவிக்கிறார்கள்.

மும்பைக்கு வந்துவிட்டு லோக்கல் ரயிலில் ஏறாமல் போவது சரியில்லை. பயப்பட வேண்டாம். செம்பூரிலிருந்து ஹார்பர் லைன் நேரே சி.எஸ்.எம்.டி. போகிறது. அதுதான் கடைசி நிலையம் என்பதால் இறங்குவதற்கு அவசரமே இல்லை. எல்லோரும் இறங்கிய பிறகு நிதானமாக இறங்கலாம். திரும்பும்போதும் அங்கிருந்தே புறப்படுவதால் உட்கார இடம் கிடைக்கும். வார நாளில் காலை 11 மணிக்கு மேல் போய் மாலை 4 மணிக்குள் திரும்புங்கள். ஞாயிறு வேண்டவே வேண்டாம். ஹார்பர் லைனில் பராமரிப்புக்காக மெகா பிளாக் என்று பல மணி நேரம் ரயிலை நிறுத்திவிடுவார்கள்.

அப்பாவிடம் சொல்லுங்கள்: இந்தியாவின் முதல் பயணிகள் ரயில் 1853 ஏப்ரல் 16 அன்று போரி பந்தரிலிருந்து தாணே வரை ஓடியது. போரி பந்தர் என்பது இன்றைய சி.எஸ்.எம்.டி. இருக்கும் இடம்தான். அந்தக் கட்டடத்தை உள்ளே போய்ப் பார்ப்பதை விட, எதிரே சாலைக்கு அந்தப் பக்கம் நின்று பார்ப்பது அழகு. மாட்டுங்கா போனால் மத்திய ரயில்வே நிலையத்தை அம்மாவுக்குக் காட்டுங்கள். 2017லிருந்து அங்கே டிக்கெட் கொடுப்பது முதல் நிலைய மேலாளர் வரை எல்லோரும் பெண்கள்.

கோளிவாடா

எலிபெண்டாவைப் பற்றி. போகலாமா வேண்டாமா என்பது அம்மாவின் காலைப் பொறுத்தது. முதலில் சிரமத்தைச் சொல்கிறேன். கேட்வே படித்துறையில் படகு அசைந்துகொண்டே இருக்கும். சில நேரம் ஒரு படகைத் தாண்டி அடுத்த படகில் ஏற வேண்டும். கடலில் ஒரு மணி நேரம். தீவில் இறங்கியதும் சின்ன ரயில் இருக்கிறது, அதற்குப் பிறகு 120 படி. டோலி நாற்காலியில் தூக்கிப் போவார்கள், கூலியை முன்பே பேசிக்கொள்ள வேண்டும். திங்கட்கிழமை குகை மூடியிருக்கும்.

இத்தனையும் தெரிந்துதான் நான்கு வருடம் முன்பு என் மாமனாரை அழைத்துப்போனேன். அப்போது அவருக்கு 77. வழிகாட்டி ஒருவரை அமர்த்தியிருந்தேன். சதாசிவ மூர்த்தியின் முன்னால் போய் நின்றோம். 5 மீட்டருக்கு மேல் உயரம், மூன்று முகம். வழிகாட்டி "இது திரிமூர்த்தி, பிரம்மா விஷ்ணு சிவன்" என்று சொல்லத் தொடங்கினார். மாமனார் கையை உயர்த்தி நிறுத்தினார். "மூன்றுமே சிவம்தான். நடுவில் தத்புருடம், அந்தப் பக்கம் அகோரம், இந்தப் பக்கம் வாமதேவம். பின்னால் ஒன்று, மேலே ஒன்று, அவை நம் கண்ணுக்குத் தெரியாது" என்றார். நான் அவர் தமிழில் சொன்னதை இந்தியில் சொன்னேன். பிறகு அவரே ஒவ்வொரு சிற்பமாகக் காட்டிக்கொண்டு போனார். அர்த்தநாரி, கங்காதரர், கயிலையைப் பெயர்க்கும் இராவணன். ஆயிரத்து நானூறு வருடத்துக்கு மேற்பட்ட சிற்பங்கள், பல கை கால் உடைந்தவை, அவருக்கு ஒன்றில் கூடச் சந்தேகம் வரவில்லை. கடைசியில் கண்ணை மூடிக்கொண்டு ஒரு பதிகம் பாடினார். குகைக்குள் அந்தக் குரல் சுற்றி வந்தது. என் மகள் அதுவரை தாத்தாவைத் தொலைக்காட்சி முன்னால் தூங்குபவராக மட்டுமே பார்த்திருந்தாள்.

அவர் இப்போது இல்லை. 120 படிக்குப் பயந்து அன்று போகாமல் இருந்திருந்தால் இதையெல்லாம் நான் இழந்திருப்பேன்.

கடற்கரைச்சாலை

பாட்டி சொன்னதைப் படித்தேன். கழிப்பறை பற்றி நான் யோசிக்கவே இல்லை. என் அம்மாவும் வெளியே கிளம்பினால் தண்ணீர் குடிப்பதில்லை, ஏன் என்று இப்போதுதான் புரிகிறது.

ஆனால் எலிபெண்டா விஷயத்தில் எனக்கு உடன்பாடு இல்லை. 2024 டிசம்பரில் அதே வழித்தடத்தில் கடற்படையின் படகு மோதிப் பயணிகள் படகு கவிழ்ந்து பலர் இறந்ததை மறந்துவிட முடியுமா? போவதாக இருந்தால் உயிர்காப்புச் சட்டையைக் கேட்டு வாங்கி மாட்டிய பிறகே உட்காருங்கள். பெரியவர்களுக்குக் கீழ்த்தளம்தான். அதற்குப் பதிலாக ராணி பாக் போகலாம். பிள்ளைகளுக்குப் பென்குயின். விவசாயம் செய்தவர் என்கிறீர்கள், அப்பாவுக்கு அங்கே உள்ள மரங்களே போதும். உட்கார நிறைய நிழல். புதன்கிழமை விடுமுறை.

கோளிவாடா

உயிர்காப்புச் சட்டை பற்றிச் சொன்னது சரி. அலை அதிகம் இருந்தால் கரையோடு திரும்பிவிட வேண்டும். அதில் பிடிவாதம் கூடாது.

செம்பூர் மகள்

எல்லோருக்கும் நன்றி. முலுண்டு அம்மா, உங்கள் பதிவை இரண்டு முறை படித்தேன். பட்டியலைக் கிழித்துவிட்டு நேற்று அப்பாவிடமே கேட்டேன், "அங்கே எதைப் பார்க்க வேண்டும் அப்பா?" என்று. முதலில் "நீ கூட்டிப்போகிற இடம் எதுவானாலும் சரி அம்மா" என்றார். கொஞ்ச நேரம் பேச்சு இல்லை. பிறகு, "தாராவி தூரமா?" என்று கேட்டார்.

அப்பாவின் அண்ணன், என் பெரியப்பா, அங்கேதான் இருந்தார். அவரைப் பற்றி எனக்குத் தெரிந்தது கொஞ்சம்தான். 1964இல் 19 வயதில் பம்பாய்க்கு ரயில் ஏறியவர். முதலில் இட்லி விற்றார், பிறகு மாட்டுங்காவில் ஒரு சாப்பாட்டு விடுதியில் வேலை. மாதம் தவறாமல் மணியார்டர். எங்கள் வீட்டு மச்சும் அத்தை கல்யாணமும் அந்தப் பணம்தான். 1987இல் இங்கேயே இறந்துபோனார். தந்தி வந்து சேர்ந்தபோது எல்லாம் முடிந்துவிட்டது. அப்பாவால் வந்து முகம் பார்க்க முடியவில்லை. பதினொரு வருடமாக "வயலை யார் பார்ப்பது" என்று சொல்லிக்கொண்டிருந்தாரே, காரணம் வயல் இல்லை. இதுகூடத் தெரியாமல் இருந்திருக்கிறேன்.

தாராவியில் அந்தக் காலத்துத் திருநெல்வேலிக்காரர்கள் எங்கே இருந்தார்கள் என்று யாராவது சொல்ல முடியுமா? பெரியவரை அங்கே அழைத்துப்போவது சிரமமா?

தாராவிப் பிள்ளை

அக்கா, நான் பிறந்து வளர்ந்தது இங்கேதான். தாத்தா நாங்குநேரிப் பக்கத்திலிருந்து வந்தவர். தயங்காமல் அழைத்து வாருங்கள். 90 அடிச் சாலையிலும் கிராஸ் ரோட்டிலும் தமிழ் பேசினால் போதும், வழி காட்ட ஆள் வரும். பொங்கலன்று வந்திருந்தால் 90 அடிச் சாலையில் வரிசையாகப் பானை வைப்பதைப் பார்த்திருக்கலாம்.

காலை 6 மணிக்கு வாருங்கள். அதுதான் இட்லிக்காரர்கள் அண்டாவைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு கிளம்பும் நேரம். பெரியப்பாவும் அப்படித்தான் கிளம்பியிருப்பார். அப்போது ஓர் அறையில் பத்துப் பன்னிரண்டு பேர் முறை வைத்துத் தூங்குவார்கள் என்று தாத்தா சொல்வார். பகல் வேலைக்காரன் எழுந்த பாயில் இரவு வேலைக்காரன் படுப்பான். செம்பூரிலிருந்து ஆட்டோவிலேயே வந்துவிடலாம், சயானைத் தாண்டித் தெற்கே போனால்தான் ஆட்டோ கிடையாது.

ஒன்று மட்டும். படம் எடுத்துக்கொண்டே நடக்க வேண்டாம். வீட்டு வாசல்கள் அவை. இப்போது மறுசீரமைப்புப் பேச்சில் எல்லோரும் கலங்கியிருக்கிறார்கள். பழைய முகவரி ஏதாவது இருந்தால் அனுப்புங்கள்.

வாலுகை

பாணகங்கைக் குளத்தை யாருமே சொல்லவில்லையே! மலபார் ஹில் அடுக்குமாடிகளுக்கு நடுவே சுற்றிலும் படிக்கட்டு வைத்த கோயில் குளம். நம் ஊர்த் தெப்பக்குளம் போலவே இருக்கும். கடல் கூப்பிடு தூரம், ஆனாலும் தண்ணீர் உப்பில்லை. சீதையைத் தேடி வந்த ராமன் அம்பு எய்து வரவழைத்த நீர் என்பது கதை. மணலில் லிங்கம் பிடித்து வழிபட்டதால் வாலுகேஸ்வரர், அதுதான் வால்கேஷ்வர் ஆனது. ராமேஸ்வரம் போய்வந்த அம்மாவுக்கு இதைச் சொல்லிப் பாருங்கள்.

செம்பூர் மகள்

நேற்று தாதரில் ரயில் ஏற்றிவிட்டு வந்தேன். வீடு வெறிச்சென்று இருக்கிறது. நடந்ததை எழுதாமல் இருக்க மனம் கேட்கவில்லை.

முதல் மூன்று நாள் எங்கும் போகவில்லை. அம்மா என்னோடு செம்பூர்ச் சந்தைக்கு வந்தாள். முருங்கைக்காய் விலையைக் கேட்டு அதிர்ந்தாள். இரண்டாவது நாள், மொழி தெரியாமலேயே கீரைக்காரப் பெண்ணிடம் கைவிரலால் பேரம் பேசி ஐந்து ரூபாய் குறைத்தாள். அப்பா பேரனைப் பள்ளிப் பேருந்தில் ஏற்றும் வேலையைத் தானே எடுத்துக்கொண்டார். பதினான்காவது மாடியில் லிப்டுக்குள் போகத்தான் கொஞ்சம் தயங்கினார். ஐந்து வயது மகள் தாத்தாவின் விரலைப் பிடித்துக்கொண்டு பித்தானை அழுத்திக் காட்டினாள்.

லோக்கல் ரயிலில் ஒரு செவ்வாய்க்கிழமை 11 மணிக்குப் போனோம். ஜன்னல் ஓரம் இடம் கிடைத்தது. ஒவ்வொரு நிலையத்தின் பெயரையும் மகன் தேவநாகரியில் படித்துச் சொல்ல, அப்பா திருப்பிச் சொல்லிக்கொண்டே வந்தார். காட்டன் கிரீன் என்றதும், "பஞ்சுக்குப் பச்சையா?" என்று கேட்டார். அந்தப் பக்கத்துப் பஞ்சுக் கிடங்குகளைப் பற்றி மகன் அன்றிரவு தேடிப் படித்து அவருக்குச் சொன்னான்.

எலிபெண்டா போகவில்லை. கேட்வே படித்துறை வரை போனோம். படகு ஆடியதைப் பார்த்ததும் அம்மா என் கையை இறுகப் பிடித்தாள். அது போதும் என்று திரும்பிவிட்டோம். அப்பாவுக்கு மட்டும் ஒரு குறை இருந்தது என்று நினைக்கிறேன். கோளிவாடா அவர்களின் மாமனாரைப் பற்றிப் படித்துக் காட்டியபோது, "அடுத்த தடவை நான் மட்டும் போகிறேன்" என்றார். அடுத்த தடவை என்று அவர் வாயால் கேட்டதே எனக்குப் பெரிது.

பாணகங்கையில் அம்மா இரண்டு மணி நேரம் இருந்தாள். படியில் உட்கார்ந்து காலை நீட்டி, வாத்துகளைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். "இங்கேயும் மணல் லிங்கமா? அப்படியானால் ராமர் நம் ஊருக்கு இந்த வழியாகத்தான் வந்திருக்கிறார்" என்றாள். பம்பாய்க்கும் ராமேஸ்வரத்துக்கும் அவள் மனத்தில் ஒரு பாதை விழுந்துவிட்டது. அன்று இரவு சித்தியிடம் தொலைபேசியில் முக்கால் மணி நேரம் பேசினாள். நான் அடுத்த அறையில் கேட்டுக்கொண்டே படுத்திருந்தேன். குளத்தில் எத்தனை படி என்பது வரை சொன்னாள்.

தாராவிக்குப் போனது பத்தாம் நாள். தம்பி சொன்னபடி விடியலில் போனோம். அண்டா கட்டிய சைக்கிள்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. அப்பா ஓரமாக நின்று எல்லாவற்றையும் போகவிட்டார். தேநீர்க் கடையில் வயதான ஓர் ஆச்சி, "எந்த ஊர்?" என்று கேட்டார்கள். ஊர்ப்பெயர் சொன்னதும் பக்கத்து ஊர்ப் பேரெல்லாம் சொல்லிக் கேட்டார்கள். பெரியப்பாவை அவர்களுக்குத் தெரியவில்லை. அப்பா பெயரைச் சொன்னார், ஆளின் உயரத்தைக் கையால் காட்டினார், நெற்றியில் ஒரு தழும்பு இருக்கும் என்றார். ஆச்சி நெடுநேரம் யோசித்துவிட்டு, "எத்தனையோ பிள்ளைகள் ஐயா, எல்லாமே உங்கள் அண்ணன் வயதுதான்" என்றார்கள். அப்பா சைக்கிள்காரர் ஒருவரை நிறுத்தி இட்லி வாங்கினார். சர்க்கரை மாத்திரை போட்டுக்கொண்டு நின்றபடியே சாப்பிட்டார். பிள்ளைகளுக்கும் பொட்டலம் கட்டச் சொன்னார்.

திரும்பும் வழியில் ஆட்டோவில் என் மகனிடம் பேசத் தொடங்கினார். அண்ணன் தாமிரபரணியில் நீச்சல் கற்றுக்கொடுத்தது, ரயில் ஏறிய அன்று ஜன்னலுக்குள்ளிருந்து தன் பேனாவை எடுத்துக் கொடுத்தது. நான் பிறந்து இத்தனை வருடத்தில் ஒன்றைக்கூட என்னிடம் சொன்னதில்லை. ஆட்டோ வீட்டு வாசலில் நின்ற பிறகும் யாரும் இறங்கவில்லை.

தாராவித் தம்பிக்கு ஒரு வேண்டுகோள். இன்று காலை ரயிலிலிருந்து அப்பா பேசினார். ஊரில் இரும்புப் பெட்டியில் பெரியப்பாவின் மணியார்டர் கூப்பன்கள் இருக்கின்றனவாம். பழுப்பேறிப்போயிருந்தாலும் அனுப்பியவர் முகவரி தெரியும் என்கிறார். 'பம்பாய் 17' என்பது மட்டும் அவருக்கு நினைவில் இருக்கிறது. வீட்டுக்குப் போனதும் என் அண்ணன் மகனிடம் சொல்லிப் படம் எடுத்து அனுப்புவதாகச் சொன்னார். வந்ததும் உங்களுக்கு அனுப்பட்டுமா?

தாராவிப் பிள்ளை

அனுப்புங்கள் அக்கா. 17 என்றால் எங்கள் தபால் வட்டம்தான், இன்றும் அஞ்சல் குறியீடு 400017. சந்தின் பெயரோ சால் (வரிசையாக ஒற்றை அறைகள் உள்ள குடியிருப்பு) எண்ணோ தெரிந்தால் கண்டுபிடித்துவிடலாம். சில சால்களில் அந்தக் காலத்து வாடகைச் சீட்டைக்கூட வைத்திருக்கிறார்கள். கூப்பனின் இரண்டு பக்கத்தையும் படம் எடுக்கச் சொல்லுங்கள். பின்பக்கத்தில்தான் சேதி எழுதுவார்கள், கூட இருந்தவர்கள் பெயர் ஏதாவது இருக்கும்.

முலுண்டு பாட்டி

அம்மா, ரயிலில் அவர்களுக்குக் கீழ்ப்படுக்கை கிடைத்ததா? அதை எழுதவில்லையே நீ.

செம்பூர் மகள்

இரண்டும் கீழ்ப்படுக்கை, அம்மா. எதிரெதிரே.